கறிக்கு மட்டும்

கூடையைக் கரையில் இறக்கும் முன்பே கில்பட் அதன்மேல் நனைந்த சாக்கை இழுத்து மூடிவிடுவார். படகைக் கரைமேல் தள்ளத் தோள் கொடுக்க வந்தவர்கள் தள்ளுகிற சாட்டில் எட்டிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கேட்பார்: "என்னண்ண, கடல் எப்பிடி?" சாக்குக்கு வெளியே அறுக்குளா மீனின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே, "ஒண்டுமில்லடா, கறிக்கு மட்டும்" என்பார் கில்பட். கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும். நாளைக்கு அவரிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொல்லப்போகிறார்.

கற்பிட்டிப் பக்கம், எத்தாளைக்கு அப்பால் உள்ள அந்தக் கரையில் இது பொய்க் கணக்கில் சேராது. மீன் பட்ட இடத்தைச் சொன்னால் மறுநாள் ஊர்ப் படகெல்லாம் அங்கே நிற்கும். பட்ட மீனைக் காட்டினால் கண்ணூறு. யுத்த காலத்தில் கடலில் எதைக் கண்டாய் என்று யார் கேட்டாலும் ஒன்றும் காணவில்லை என்பதே உடம்புக்கு நல்லதாக இருந்ததால், அந்தப் பதில் நாக்கில் இன்னும் இறுகிப்போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை எவரும் சொல்வதில்லை. சொன்னால் சாமியாரே சிரித்துவிடுவார்.

கில்பட்டுக்கு ஐம்பது நெருங்குகிறது. ஹோட்டல்காரர் யாரோ கொடுத்த தொப்பி, வெயிலில் வெளுத்து என்ன நிறம் என்றே தெரியாமல் போனது, எந்நேரமும் தலையில் இருக்கும். எஞ்சினோடு கதைப்பார். அது இருமினால் "வா மகன், கோவிக்காத, வீட்ட போய் எண்ணெ தாறன்" என்று தடவிக்கொடுப்பார். மனிதரோடு கதைப்பதென்றால்தான் கஷ்டம். தன்னுடையது எதுவாக இருந்தாலும் கூடை மீனைப் போலவே மூடி வைப்பார். வீட்டுக்குக் கூரை மாற்றியபோது, "சும்மா ஒழுகினதுக்கு நாலு ஓடு" என்றார். மனைவி யூஜீனியாவுக்கு இதில் பெரிய வேடிக்கை. "இவருக்கு வாயிலயும் ஒரு சாக்கு கிடக்கு" என்பாள்.

மகள் டிலுக்ஷியைப் பற்றியும் அப்படித்தான். பட்டம் கட்டிக் கடலில் ஓட வந்த வெள்ளைக்காரர்கள் மூக்கு உடைந்த ஒரு சர்ஃப் பலகையைக் கரையில் விட்டுப்போக, அவள் அதை எடுத்துக்கொண்டாள். கில்பட் படகுக்குப் பூசும் ஃபைபரால் அதன் மூக்கை ஒட்டி, மிச்சமிருந்த படகு நீலத்தையே அடித்துக் கொடுத்தார். கடலுக்கடியில் கல்லுப் பார் கிடக்கும் இடத்தில், விடியலில் காற்று எழும்புவதற்கு முன், அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனை வரை ஒழுங்காக உடைந்துகொண்டு போகும். அந்த அலையில் பதினேழு வயதுப் பெண் நின்றுகொண்டு வருவதைப் படகிலிருந்து பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சில நாள் வலையை இழுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார். பூசை முடிந்து வரும்போது யாராவது, "கில்பட், உம்மட மகள் கெட்டிக்காரி" என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அவ ஒண்டுமில்ல. சும்மா விழுந்து எழும்புறா."

இந்தப் பழக்கம் இத்தனை காலம் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. போன பங்குனியில் செய்தது.

அலைச்சறுக்கை நாடு முழுதும் வளர்க்கவென்று ஒரு சங்கம். தேசிய இளையோர் அணிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் முகாமுக்கு மேற்குக் கரையில் ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் அமைகிறதோ அந்த ஊருக்குப் பயிற்றுநரும் நல்ல பலகைகளும் வரும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே முதலிடம். டிலுக்ஷி சங்கத்துக்குப் படமெல்லாம் அனுப்பி, வந்து பாருங்கள் என்று கேட்டிருந்தாள். பார்க்க வந்தவர் சங்கத்து ஜவாஹிர், கொழும்புக்காரர். வந்ததோ பள்ளிக்கூட நாளில், சொல்லாமல், மோட்டார் சைக்கிளில். அதை ரோட்டில் நிறுத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். அப்போதுதான் கரை சேர்ந்திருந்த கில்பட்டிடம் வந்து, "இங்க அலை எப்பிடி? நல்லா உடையிற இடம் எது?" என்று கேட்டார்.

கடலைப் பற்றி ஒரு வெளியாள் கேட்கிறான். கில்பட்டின் கை தானாகச் சாக்கின்மேல் போயிற்று. "அலையா? இஞ்ச என்ன அலை. வெறும் காத்துத்தான். நீங்க தெக்கால போய்ப் பாருங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கல்லுப் பாரின்மேல் அலை வரிசையாக உடைந்துகொண்டிருந்தது. தூரத்தில் அது வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். ஜவாஹிர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் டிலுக்ஷி ஓடி வந்தாள். "சங்கத்து ஆள் வந்திட்டுப் போயிட்டாராம் அப்பா. கடக்கரையில ஆரிட்டயோ கேட்டவராம்." கில்பட் பாண் துண்டைத் தேத்தண்ணீரில் தோய்த்தபடி இருந்தார். அந்த நேரம் வாயைத் திறந்திருக்கலாம். மகளிடம் ஜவாஹிரின் ஃபோன் இலக்கம் இருந்தது, ஒரு கோல் எடுத்தால் முடிகிற விஷயம். காலையில் சொன்னதைப் பழக்கதோஷம் என்று விடலாம். பின்னேரம் சொல்லாமல் இருந்ததற்கு அவரிடம் எந்தச் சாட்டும் இல்லை. மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

முகாம் தெற்கே ஓர் ஊருக்குப் போனது. இங்கே அலையே இல்லை என்று கரையில் யாரோ சொன்னார்களாம் என்று சங்கத்திலிருந்து தகவல் வந்தது. டிலுக்ஷி இரண்டு நாள் பலகையைத் தொடவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை. ஹோட்டல்காரர் வேலை என்றார்கள், எங்கள் பக்கத்தை யார் கணக்கெடுக்கிறான் என்றார்கள். யூஜீனியா சோறு போட்டுக்கொண்டே திட்டினாள்: "எந்த எரிவந்தவன் சொன்னானோ, அவன்ட வாய் புழுத்துப் போக." கில்பட் அந்தச் சோற்றைக் குனிந்து தின்றார். அதற்குப் பிறகு விடியலில் பாரின் பக்கம் படகை விடுவதையே நிறுத்திவிட்டார். சுற்றிக்கொண்டு போவார். எண்ணெய் கூடச் செலவு. எஞ்சினோடும் கதையில்லை.

ஆவணியில் ஜவாஹிர் மறுபடி வந்தார். டிலுக்ஷி விடாமல் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கில்பட் கரை சேரும்போது மகளும் ஜவாஹிரும் மணலில் நின்றார்கள். மீன் ஏலம் எடுக்க வந்த கற்பிட்டி வியாபாரிகளும் படகு தள்ளுகிறவர்களுமாக ஒரு கூட்டம் இருந்தது.

"இவ்வளவு நல்ல அலையை நான் விட்டுட்டேனே மகள்" என்று ஜவாஹிர் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்டைக்கி இங்க ஒருத்தர்ட்ட கேட்டேன். ஒண்டுமில்லண்டு சொன்னாரு. அடுத்த வருசம் கட்டாயம் இங்கதான் வைப்போம்."

"அடுத்த வருசம் எனக்குப் பதினெட்டு, சேர். இளையோர்ல சேர ஏலாது" என்றாள் டிலுக்ஷி. பிறகு கேட்டாள்: "ஆர் சேர் அந்த ஆள்?"

ஜவாஹிர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தொப்பி போட்ட முகங்களெல்லாம் அவருக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. "நினைவில்ல மகள். ஆரோ ஒரு வயசாளி."

கில்பட் தப்பிவிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். இரண்டடி நடக்கவும் செய்தார். பிறகு திரும்பி வந்து, கூடையை மணலில் வைத்து, தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான் சேர் சொன்னது. இவட அப்பா நான்."

டிலுக்ஷி அவரைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கில்பட்டுக்குக் காது இரண்டும் எரிந்தன, தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "வேணுமெண்டு சொல்லல்ல. ஆள் கேட்டா அப்பிடித்தான் வரும். பிறகு சொல்ல... வெக்கமாப் போச்சுது" என்றார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜவாஹிர் டிலுக்ஷியின் பக்கம் திரும்பினார். பெரியவர் அணிக்கும் ஆள் எடுப்பார்கள், அது கஷ்டம், ஆனால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். பிறகு கில்பட்டிடம், "அப்ப நீங்களே சொல்லுங்க. படத்தை விடுங்க. மகள் எப்பிடி? நல்லாச் செய்வாவா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல சேர், சும்மா..." என்று வாய் தொடங்கிவிட்டது. டிலுக்ஷியின் முதுகு அசையவில்லை. கில்பட் வாயை மூடினார். அதற்குமேல் அது திறக்கவில்லை. அவர் குனிந்து, வியாபாரிகளும் படகு தள்ள வந்தவர்களும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, நிறைந்து கிடந்த கூடையின் மேலிருந்து நனைந்த சாக்கை இழுத்து எடுத்தார்.