மாடி வகுப்பு

இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால்கள் எனக்கு. சிம்மக்கல்லிலிருந்து அப்பாதான் என்னைத் தோளில் சுமந்து பள்ளியில் விடுவார். மூன்றாம் வகுப்பில் முதலாவதாகத் தேறினேன். நான்காம் வகுப்போ மாடியில் இருந்தது.

“நானே மேல தூக்கிட்டுப் போயி உக்கார வச்சிட்டு வாரேங்கய்யா” என்று அப்பா கெஞ்சினார்.

“பெத்தவங்க மாடிக்கு வரக் கூடாது. கீழயே இருக்கட்டும், படிச்சுக் கலெக்டராவா ஆகப்போறான்?” என்றார் தலைமையாசிரியர். அந்த வகுப்பைக் கீழே மாற்றலாம் என்று அந்தப் பெரிய மண்டைக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். மாடிப் பிள்ளைகள் கோரஸாகக் கத்திய பாடமெல்லாம் கீழே கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடமாயிற்று. அது ஆசிரியர்களுக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று இரண்டு பியூன்கள் என்னை நாற்காலியோடு தூக்கி மாடியில் முன்வரிசையில் வைத்தார்கள். தலைமையாசிரியரே குனிந்து, என் கால் தெரியாமல் நான் கட்டியிருந்த வேட்டியை இழுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் கார் தெருமுனை திரும்புமுன் என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அப்பாவிடம், “பள்ளிக்கூடத்து மானத்தைக் காப்பாத்திட்டான்யா உம்ம மகன்” என்றார் தலைமையாசிரியர்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப நாளையிலருந்து மேலயே உக்காரலாங்களாய்யா?”

“அதெப்படி? அவனாலதான் மாடி ஏற முடியாதே!”