மல்லியின் மூக்கைக் காணவில்லை

சின்ன வயதில் டிவியில் பார்த்த ஒரு விண்வெளித் தொடரில், ஓர் எபிசோட் எனக்கு மனப்பாடம். விண்கலத்தில் விஷவாயு கசியும். தோல் பதனிடுகிறவரின் மகள் மல்லி அதை மோந்தே கண்டுபிடித்து எல்லோரையும் காப்பாற்றுவாள்.

அது இப்போது நாவலாக வந்திருக்கிறது. இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் பார்த்ததும் அண்ணன் மகளுக்கு வாங்கினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் மேல் தோல் நாற்றம் அடிக்கிறதாம்; பள்ளியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மல்லி கதையைத்தான் அடிக்கடி சொல்லச் சொல்வாள்.

நான் வீட்டுக்கு வந்ததும் வாங்கிப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அத்தை, இவ மூக்க பொத்திக்கினு அழுவுறா. ஏதோ மிஷின்தான் கண்டுபிடிக்குது. நீ சொன்ன மல்லி எங்க?"

வாங்கிப் பார்த்தேன். விஷவாயு கசியும் காட்சி மூன்று பக்கம்; அவள் சொன்னபடியேதான் இருந்தது. அந்த மூன்று பக்கங்களையும் கிழித்தேன். டிவியில் வந்தபடி நானே எழுதி ஒட்டப்போகிறேன்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் சிரித்தான். "ஷூ ஒட்டுற பசை இருக்குது, எடுத்துக்கோ. ஆனா நாத்தம் ஜாஸ்தி."

"அதுதாண்ணா வேணும்."

நாவலாசிரியரைத் தெரிந்தவர்கள் முகவரி சொல்லுங்கள். நான் எழுதியதில் ஒரு நகலை, அதே பசை தடவி, மோந்து பார்க்க அனுப்பிவைக்கிறேன்.