பாறையும் பங்களாவும்

அத்தானின் கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் யாராவது ஈர வேட்டியை உதறினால்கூடச் சட்டென்று தலை தூக்கிப் பார்க்கிறேன். முளை அடிக்க இடமில்லாத மொட்டைப் பாறை அது. அதனால் துணியின் ஓரங்களில் கருங்கல்லைத் தூக்கி வைத்திருந்தார். அப்படியும் காற்று விடாது. உள்ளே படுத்திருக்கிறவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பதுபோல ஓயாமல் இழுக்கும். ‘நல்ல மெத்தை வீட்டில் பிறந்தவன் இங்கே வந்து சாகவேண்டுமா’ என்று அந்தச் சத்தத்தை நான் மனதாரத் திட்டியிருக்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சர்வேயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், தடிக்காரன்கோணத்துக்கு மேலே மரம் வெட்டுகிற கூப்புக்கு வண்டிப்பாதை போட அளவெடுக்கும் வேலை அவரிடம் வந்தது. நான் அவருக்குக் கீழே படம் வரைகிறவன். அளவுச் சங்கிலி பிடிக்கச் சில ஆட்கள் உண்டு. தங்குவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. அடிவாரத்தில் சர்க்காரின் முசாவரி பங்களா. ஓட்டுக்கூரை, கட்டில், சமையலறை, காவல்காரர் என்று எல்லா வசதியும் அங்கே இருந்தது. மேலே, அளக்கவேண்டிய சரிவுக்குப் பக்கத்திலேயே இந்தப் பாறை. இங்கே ஒன்றுமே கிடையாது. குடிக்கிற தண்ணீரைக்கூடக் கீழே ஓடையிலிருந்து சுமந்து வரவேண்டும், அது அன்றன்றைக்கே தீர்ந்துவிடும். அத்தான் பாறையைத்தான் தேர்ந்தெடுத்தார். “பங்களாவுல படுத்தா வேலை மேலயும் நாம கீழயும்லா கெடப்போம் மாப்பிள” என்றார். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் சாயங்காலம் யானைகள் வந்தன. நாங்கள் பாறை உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஓலை வேய்ந்து வைத்திருந்த சமையல் கொட்டகையைப் பிரித்துப் போட்டு, அரிசி மூட்டையைக் கிழித்துத் தின்றுவிட்டு, அவசரமே இல்லாமல் போயின. எங்கள் யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அரிசி வாங்கப் போன ஆள் ஊரில் சொன்னது ஒன்று, ஊர் கேட்டுக்கொண்டது வேறு. அந்தச் செய்தி நாகர்கோவில் போய்ச் சேரும்போது அதில் யானை ஒருவரை மிதித்தே கொன்றுவிட்டிருந்தது. கொஞ்ச நாளில், வில்வண்டியில் அக்கா பங்களாவுக்கே வந்து இறங்கிவிட்டாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அது. கையில் வேதபுத்தகம், வண்டியில் ஒரு மாதத்துக்கான கருவாடும் ஊறுகாயும். நானும் அத்தானும் இறங்கி ஓடினோம்.

“ராத்திரி நீங்க ஓட்டுக்குக் கீழ படுத்தாத்தான் நான் சோறு திம்பேன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அத்தான் சமாதானப்படுத்தி ஏறிப் போயிருப்பார். அவள் வராந்தாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆனையைக்கூடத் தீயைக் காட்டி வெரட்டிரலாம் மாப்பிள. ஒங்க அக்காகிட்ட ஒண்ணும் நடக்காது.” அன்றிலிருந்து காலையில் மலையேறி வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பங்களாவுக்கு இறங்கிப் போனார். நானும் சங்கிலி ஆட்களும் பாறையிலேயே இருந்தோம். அவர் பத்திரமான இடத்துக்குப் போகிறார், நாம்தான் இங்கே கிடந்து சாகப்போகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நான் பங்களாவுக்குப் போவேன். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அங்கே காற்றே கிடையாது. மரங்கள் நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றன. காவல்காரரின் பிள்ளைகள் வாசலில் விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். கைகால் குச்சியாக, வயிறு மட்டும் உப்பி, கண்ணெல்லாம் மஞ்சளித்துக் கிடக்கும். மனைவி வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருப்பாள். அந்த மனிதருக்கோ அக்கா வந்ததில் தலைகால் புரியாத சந்தோஷம். பங்களாவில் குடும்பமாக ஒரு பெண் வந்து தங்குவது அதுதான் முதல் தடவையாம். எங்கள் பக்கத்தில் நல்லதுக்கு வருகிற பெண்ணின் கண்ணில் வெறும் பாத்திரம் படக்கூடாது என்பார்கள். அவர் அதை ஒரு விரதம்போலச் செய்தார். முற்றத்துக் கல்தொட்டிகள், உருளிகள், அண்டாக்கள், விளிம்பு உடைந்த பழைய சட்டிகள்வரை தளும்பத் தளும்ப நிரப்பி, மேலே செம்பருத்தியும் மிதக்கவிட்டிருந்தார். குறைந்தால் ஊற்றுவார். ஒருநாளும் கொட்டிக் கழுவமாட்டார். “நெறஞ்சு கெடக்கட்டும் அம்மா, வீடு வெளங்கும்” என்று சொல்லுவார். அக்காவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசை. அந்தியில் தொட்டிக் கரையில் உட்கார்ந்து அத்தானுக்காகக் காத்திருப்பாள். அவரும் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து காலை நனைத்தபடி பேசிக்கொண்டிருப்பார். கொசு கடிக்கும். கொசு எங்கேதான் கடிக்கவில்லை என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதம் முடிவதற்குள் அவருக்கு நடுக்கம் கண்டது. பாதிச் சரிவில் சங்கிலியைப் போட்டுவிட்டு வெயில் பாறையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே அக்காவும் போர்வைக்குள் கிடந்தாள். கொய்னா மாத்திரை கொடுத்தோம். அக்காவுக்குக் கேட்டது. அவருக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறி, இல்லாத ஆட்களைக் கூப்பிட்டுச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியில், பூதப்பாண்டி தாண்டும்போது, அக்காவின் மடியிலேயே அடங்கிவிட்டார்.

காட்டுக் காய்ச்சல் என்று ஊர் சொன்னது. பாறையில் பனியிலும் காற்றிலும் கிடந்ததால் வந்தது என்றார்கள். அடக்கத்துக்கு வந்த பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ போய்க் கீழ கொண்டுவந்ததுனாலதான் மக்கா கடைசியா நாலு நாளு கூட இருக்க முடிஞ்சுது” என்று சொன்னார்கள். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மறுமணம் பேசியபோது மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள், பாடகர் குழுவில் பாடினாள். “நான் மட்டும் போவலன்னா அவிய அந்தப் பாறையில அனாதையாட்டு கெடந்து செத்திருப்பாவ” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள். நானும் அதைக் கலைக்கப் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, வீடு வீடாக மலேரியா மருந்து அடிக்க வந்தார்கள். நான் அக்கா வீட்டில் இருந்த அன்று அங்கே வந்த இளைஞர் நல்ல பேச்சுக்காரர். கொசு எப்படிப் பிறக்கிறது, அதன் கடியில் மலேரியா எப்படி வருகிறது என்று பொறுமையாக விளக்கினார். அக்கா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ நிக்கிற தண்ணியிலதான் அது பெருகுமா?”

“ஆமாம்மா. தொட்டி, சட்டி, எதுல நின்னாலும்.”

“ஒசரத்துல, நல்ல காத்தடிக்கிற மொட்டைப் பாறையில?”

“அங்க தண்ணி எங்கம்மா நிக்கும்? கொசு வந்தாலும் காத்து தங்கவிடாதே.”

அவர் பம்பில் மருந்தைக் கலக்கத் தொடங்கினார். அக்கா என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவள் அப்போதுதான் கேட்டாள்.

“மக்கா, மேல தங்கியிருந்த ஒங்கள்ல யாருக்காவது காய்ச்சல் வந்துதா?”

எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை.

“வந்துது அக்கா. எனக்கும் வந்துது. ரெண்டு மூணு பேருக்கு வந்துது” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற அதே பார்வை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மருந்து அடிக்கிறவருக்கு உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். என்னைக் கடந்து போகும்போது என் தலையில் கை வைத்தாள்.

“கர்த்தர் ஒன்ன மன்னிப்பாரு மக்கா” என்றாள்.