கப்பி நாற்காலியில் ஒரு ஞாயிறு

மியூசியத்தில் வேலை என்றால் எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டுவது என்று நினைக்கிறார்கள். எலும்புக்கூடு தொந்தரவே செய்யாது, பார்க்க வருகிறவர்கள்தான் செய்வார்கள். பொதுமக்களோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெங்களூர் அறிவியல் மியூசியம் ஒன்றில் கப்பி நாற்காலி என் பொறுப்பு. உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, கயிற்றை இழுக்க வேண்டும். மேலே உள்ள கப்பிகள் உங்கள் பாரத்தைக் குறைத்துவிடும். உங்களை நீங்களே தூக்கிக்கொண்டு போகலாம். கட்டடத்திலேயே இதைவிட மரியாதையான எந்திரம் கிடையாது.

மேடத்தின் கெடு

எங்கள் பிரிவு மேடம் கன்னடக்காரர். தமிழ் சுத்தமாகப் பேசுவார், பெயரோடு 'அவரே' சேர்ப்பது மட்டும் கன்னட மரியாதை. பக்கத்து ஹாலில் உறுமும் டைனோசர் வந்ததிலிருந்து என் பக்கம் கூட்டம் இல்லை. நாற்காலி இருக்கும் இடத்தில் கண்ணில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கண்ணாடி வைக்க அவருக்கு ஆசை. நான் வாதாடினேன். அதாவது, "கூடாது" என்றேன். ஞாயிறு மத்தியானம் வந்து சொன்னார்: "அந்தோணி அவரே, இன்னிக்கு மூடறதுக்குள்ள இந்த சேர் முன்னாடி ஒரு கியூ நின்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா நாளைக்கு ஸ்டோர் ரூம்."

தலைக்கு மேலே

முதலில் ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு தம்பதி. அவர் நல்ல சரீரம், அந்தம்மா ஒல்லி. சர்ச் முடிந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவதாக அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்தார். கயிறு அறுந்தால் யார் பொறுப்பு என்றார். "நான்" என்றேன். அப்படியும் உட்காரவில்லை.

அந்தம்மா உட்கார்ந்தார். விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டார். "இறங்குடி, டைனோசர் பாக்கணும்" என்று இவர் கத்தினார். மேலேயிருந்து பதில் வந்தது: "நீங்க போய்ப் பாருங்க. கல்யாணம் ஆனதிலேருந்து இன்னிக்குத்தான் உங்க தலை எனக்குக் கீழ இருக்கு."

ஸ்விட்ச்

அப்புறம் வந்தவர்கள் கழிவறைக்கு வழி கேட்டார்கள். கடைசியாகக் கழுத்தில் கம்பெனி அட்டையோடு நாலு பையன்கள். ஞாயிற்றுக்கிழமையும் அட்டை. நாற்காலி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "ஸ்விட்ச் எங்க அங்கிள்?" என்றான் ஒருவன். "உன் கைதான்" என்றேன். அவன் சொன்னது: "அப்போ வேணாம் அங்கிள், அதுக்குத்தான் ஜிம்முக்குப் பணம் கட்டியிருக்கோம்."

அழுத பிள்ளை

மணி ஏறிக்கொண்டே போனது. வரிசை இல்லை. டைனோசர் உறுமியது, ஒரு பிள்ளை வீறிட்டது. சின்னப் பெண். அவள் அம்மா தரதரவென்று என் பக்கம் இழுத்து வந்து, "மானம் போகுதுடி, வாயை மூடு" என்றார். எனக்கு அழுகைச் சத்தம் ஆகாது. நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, "இழு" என்றேன்.

இழுத்தாள். பாதி உயரத்தில் அழுகை நின்றது. உச்சிக்குப் போனால் நடுத்தடுப்புக்கு மேலாக டைனோசரின் முதுகுப்பக்கம் தெரியும். அது மறுபடி உறுமியது. அவள் அசையவில்லை, உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு ஹாலுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "அம்மா, அதுக்குப் பின்மண்டையே இல்ல! உள்ள எல்லாம் ஒயரு!"

கியூ

அப்புறம் என்ன. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பின்னாலேயே அப்பன்மார். பெல்ட் மாட்டி மாட்டி என் விரல் வீங்கியது. ஒருத்தராவது கப்பியைப் பற்றிக் கேட்டார்களா? இல்லை. ஆனால் இறங்கிய ஒவ்வொரு பிள்ளையும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது, நானா தூக்கினேன் என்கிற மாதிரி. அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் நிற்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

மூடுகிற நேரத்துக்கு மேடம் வந்தார். வரிசை மாடிப்படியைத் தாண்டி நின்றது. "எல்லாரும் எதைப் பாக்கறாங்க?" என்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், இழுத்தார். உச்சியிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார்: "சேர் இருக்கட்டும், அந்தோணி அவரே. டைனோசருக்குத்தான் ஒரு விக் வாங்கணும்."

கூட்டத்தைக் கூட்டியது டைனோசரின் சொட்டை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், மேலே தூக்கியது என் கப்பி.