அண்ணன் உள்ளே இருக்கிறாரா

பக்கவாதம் வந்தபிறகு என் அண்ணன் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். பேச்சில்லை, அசைவில்லை. நினைவு இருக்கிறதா என்று சொல்ல முடியாது, அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

புக்கிட் செலம்பாவ் ஊரில் அவர் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கட்டிலருகே நின்றே அவரைப் பற்றிப் பேசினார்கள், அவர் ஏதோ மேசை நாற்காலி போல. பக்கத்து ஊர் பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணியின் அண்ணன்தான் மோசம். "உயிரு இருக்கு, ஆளு இல்லம்மா. ஹோம்ல விட்ரு" என்று என் அண்ணன் முகத்துக்கு மேலேயே சொன்னார். அவரைத் தூக்கிப் புரட்டி அண்ணிக்கும் முதுகு போய்விட்டது. அழுதுகொண்டே சரி என்றார். சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக முடிவானது.

எனக்கு ஆத்திரம். ஆள் இல்லையென்று நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நீ போய்ப் பாத்தியா, இருக்காருன்னு?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர்.

நானும் பார்த்ததில்லை. யாராலும் பார்க்க முடியாது. என் வலி எனக்குத் தெரியும். அடுத்தவன் வலியை அவன் முகமும் வாயும் சொல்லித்தான் நம்புகிறோம். அண்ணனிடம் அந்த இரண்டும் இல்லை.

கோபத்தோடு வெளியே வந்தேன். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்த வண்டி. காலையில் உதைத்துக் கிளப்பினால் எஞ்சின் சூடாகும்வரை ஆக்ஸிலேட்டரை முறுக்க மாட்டார். வேறு யாராவது முறுக்கினால் கெட்ட வார்த்தைதான். அதற்காக நான் அடியே வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்படி அண்ணியிடம் சொன்னேன். முதலில் என் வண்டியை ஜன்னலோரம் நிறுத்தி முறுக்கினேன். ஒன்றுமில்லை. பிறகு அவருடையதை உதைத்து, கிளம்பியதும் முழுசாக முறுக்கினேன்.

"தம்பி, நிறுத்து லா. மொறைக்கிறாரு" என்று அண்ணி உள்ளிருந்து கத்தினார்.

உள்ளே ஓடினேன். புருவம் நெரிந்திருந்தது. தொண்டையில் ஓர் உறுமல். சத்தம் கேட்டால் நாய்கூடத் திரும்பும் என்றார் கடைக்காரர். என் வண்டிக்குத்தான் சத்தம் அதிகம், அதற்கு ஏன் திரும்பவில்லை என்றேன். அவரே போய் இரண்டையும் முறுக்கிப் பார்த்தார். அப்போதும் அண்ணன் தன் வண்டிக்கு மட்டும்தான் முறைத்தார். திரும்பி வந்தவர் முதல் முறையாக அண்ணனைப் பார்த்து, "மச்சான்" என்றார்.

அண்ணி என் அண்ணன் வாயைத் துடைத்துவிட்டார். "ஹோம் வேணாண்ணே. இவ்ளோ கோவம் வர்ற மனுசன எங்க அனுப்புறது?"

நான் கட்டிலருகே உட்கார்ந்து, இனிமேல் முறுக்க மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். முறைப்பு குறையவில்லை. அன்றுதான் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கியது.