சஃப்ரின் வாங்கிவரும் சுவரொட்டி

ஹைருன் பீவி ஆட்டுச் சுவரொட்டியின் மேல்தோலைக் கத்திமுனையால் உரித்துக்கொண்டிருந்தாள். மண்ணீரலை அதிகம் அலசக்கூடாது, சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பது நாத்தனார் சஃப்ரினின் உத்தரவு. குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவள், வெள்ளிதோறும் கறிக்கடையில் இதை வாங்கிக்கொண்டு குத்துக்கல்வலசைக்கு வந்துவிடுவாள். அண்ணன் ஹபீபுல்லாவுக்கு ரத்தம் ஊற வேண்டும்.

பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போ ஓட்டிய மனுஷனுக்கு இப்போது வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்குத் திருநெல்வேலி டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுக்கள் இருக்கின்றன. அவை தாமாகப் பெருகிவிடாது. சுற்றியிருக்கிற மெத்தென்ற திசு இடம் கொடுத்து, தாங்கிப் பிடித்து, எப்போது பெருக வேண்டும் என்று உசுப்பிவிட வேண்டும். இவருக்கு அந்தத் திசு நார் நாராக இறுகிவிட்டது. எதைத் தின்றும் அதை இளக்க முடியாது. கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் மாற்றிப் பார்க்கலாம், நாரும் மெல்லக் கரையக்கூடும்.

கூடப்பிறந்தவள் சஃப்ரின் ஒருத்திதான். டாக்டரம்மா சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவளும் அவள்தான். அதற்கடுத்த வெள்ளியிலிருந்துதான் சுவரொட்டி வர ஆரம்பித்தது.

தங்கச்சியிடம் வாய்விட்டுக் கேட்கக்கூடாது, அவளாக வந்தால் வரட்டும் என்று ஹபீபுல்லா மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். ஹைருனும் வாயைத் திறக்காமல் வாராவாரம் மிளகு போட்டு வதக்கினாள். கேட்டால் வந்துபோகிறவளும் நின்றுவிடுவாள். கேட்காவிட்டால் இவர் தங்கமாட்டார்.

அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில்தான். இன்று ஹபீபுல்லா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்திவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளுக்கு நாள் வெளுத்துல்லா போகுது அண்ணன். வாய்க்கு வெளங்குற மாதிரி ஆக்கிப்போட்டாத்தானே திங்கும், மைனி?" என்றாள் சஃப்ரின்.

ஹைருன் அடுப்பை அணைத்தாள்.

"இதத் தின்னு ஏறாதுன்னு அன்னைக்கு ஒங் காதுலயும்தானே சொன்னாவ. மஜ்ஜையக்கூட இப்ப கேக்கல சஃப்ரின். பொருந்துதான்னு பாக்க ஒரு ஊசி ரத்தம் குடுப்பியா?"

கட்டிலில் ஹபீபுல்லாவின் கண்கள் திறந்திருந்தன. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, தங்கச்சியைத்தான் பார்த்தார்.

சஃப்ரின் கறி கொண்டுவந்த பையை மடித்தாள். விரித்து மறுபடியும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி அறையைவிட்டுப் போனாள்.