சயனைடு மேட்டில் புல் வளர்த்த வருடம்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் சயனைடு மேடு. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கல்தூளைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போனது அது. ஆடிக் காற்றில் அந்தத் தூள் சோற்றில் விழும், தலையணையில் விழும், அப்பாவின் நெஞ்சிலும் போய்ச் சேரும். சுரங்கத்தில் இறங்கி ஏற்கெனவே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர் அவர்.

அந்த மேட்டில் புல் வளர்த்துத் தூசியை அடக்கும் திட்டத்தில் நான் சூப்பர்வைசர். தற்காலிக வேலைதான். பெங்களூரிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று எல்லோருக்கும் ஏக சந்தோஷம். ரோட்டுப் பக்கம் பச்சைப்பசேலென்று இருந்ததால் காண்டிராக்டரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. ட்ரோன் படம் நன்றாக வந்ததில் அதிகாரிக்குத் திருப்தி. லைன் பக்கத்துச் சரிவில்தான் ஒரு புல்லும் பிடிக்கவில்லை. அதைச் சொன்னதற்கு, அது அடுத்த கட்டம், இன்றைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று காண்டிராக்டர் பல்லைக் கடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே குடியிருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அதிகாரி சொன்னதும், எங்கள் வீட்டுக்கே வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டேன். அப்பா இருமுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், நான் எதுவும் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

நாங்கள் வாசலுக்கு வரும்போதே காற்று கிளம்பிவிட்டது. திறந்த கதவு வழியாகத் தூளும் எங்களோடு உள்ளே வந்தது. அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தூசி எப்படி இருக்கிறது என்று அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற காண்டிராக்டரைப் பார்த்தார்.

"இன்னா சார் தூசி, அதெல்லாம் போயிடுச்சு. எம் பொண்ணு பாத்த வேலையாச்சே."

கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, இருமல் மட்டும் வெளியே வரவில்லை. சுரங்கத்து டாக்டர் முன்னால் இருமினால் ஷிப்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று, அவர் காலத்து ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியவர்கள். இப்போது அதை எனக்காகச் செய்துகொண்டிருந்தார். உள்ளதைச் சொல்லுங்க நைனா என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதிகாரி பூரித்துப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை தாங்கினார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மடங்கி மடங்கி இருமினார். அவர் முதுகைத் தடவிவிட்டேன். எதற்காக இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கத்தினேன். மூச்சு திரும்பியதும் அவர் கேட்டார்.

"உன்ன வேலைல வெச்சிக்குவாங்க இல்ல?"